நோபிதா கண்டது கனவா?

பள்ளிக்கூடம் விட்டு வந்த உங்கள் பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அம்மா! டோரேமான் என்று யாருமே கிடையாதாம். நோபிதா ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறானாம். அத்தனையும் அவன் காணும் கனவாம். நிஜமா?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த வதந்தி இன்று நேற்று முளைத்ததல்ல. 1980களிலேயே ஜப்பானில் வாய்க்கு வாய் பரவிய சமாசாரம். பதிலைத் தேடி அந்த நாட்டுக்கே போய் வருவோம், வாருங்கள்!

டோக்கியோவில் ஷின்ஜுகு ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் 20 நிமிஷத்தில் நொபோரிட்டோ. இது கவாஸாகி நகரத்தைச் சேர்ந்தது. டோரேமானைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ பல்லாண்டுகள் குடியிருந்த ஊர். ஸ்டேஷன் வாசலில் கதாபாத்திரங்களின் படம் தீட்டிய பஸ் நிற்கும். அது நம்மைக் கொண்டு விடுவது அவர் பெயரால் அமைந்த மியூஸியத்தில். 2011 செப்டம்பர் 3-ந் தேதி இதைத் திறந்தார்கள். ஏன் அந்தத் தேதி என்கிறீர்களா? கதைப்படி டோரேமான் பிறக்கப் போவது 2112 செப்டம்பர் 3-ந் தேதி!

மாடித் தோட்டத்துக்கு வாருங்கள். காலி மனையில் கிடக்குமே, அந்த மூன்று சிமெண்டுக் குழாய்கள், இதோ! நினைத்த இடத்துக்குப் போகும் ரோஜா நிறக் கதவும் நிற்கிறது. சிற்றுண்டிச் சாலையில், தின்றால் பாடம் மறக்காத அந்த ரொட்டி கூடக் கிடைக்கிறது. பரீட்சைக்கு உதவுமா என்று மட்டும் கேட்காதீர்கள்!

உள்ளே ஆசிரியரின் மேஜை இருக்கிறது. நோபிதாவுக்கு உயிர் கொடுத்தவர் உட்கார்ந்து எழுதிய மேஜை. கதைக்கு இறுதி முடிவு என்று ஒன்றை வைக்காமலே அவர் 1996-ல் காலமானார். முடிவில்லாத இடத்தில்தான் வதந்தி குடிபுகுந்தது.

ஆனால் 1974 மார்ச்சில் அவர் ஒரு பிரியாவிடை எழுதியிருந்தார். டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். அவன் கவலையில்லாமல் போகட்டும் என்று, கோழை நோபிதா தன்னந்தனியாக ஜியானோடு மோதி, அடிபட்டு, விடாமல் நின்று ஜெயிக்கிறான். மறு மாதமே ஆசிரியருக்கு மனம் மாறிவிட்டது. சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் மருந்து ஒன்றை நோபிதா குடிக்கிறான். "டோரேமான் திரும்பி வரவே மாட்டான்" என்று முனகுகிறான். வந்துவிடுகிறான் டோரேமான்!

படிப்பு வராத, ஓடத் தெரியாத பையனுக்கு ஓர் உயிர்த் தோழன் கிடைக்கக் கூடாதா? கிடைத்தால் அது நோயில் கண்ட கனவாகத்தான் இருக்க வேண்டுமா? நோபிதாவைப் படைத்தவர் அப்படி நினைக்கவில்லை.

ஆகையால் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: "எல்லாம் கனவு என்று சொன்னவன், அந்த மருந்தைக் குடித்துவிட்டுச் சொல்லியிருப்பானடா, கண்ணா!"