இடம் விட்டுப் போனவர்கள்

வண்டி ஓட்டுவதற்கும் ஒரு மனிதன் நடந்துகொள்ளும் விதத்துக்கும் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல்தான். 'கோந்துயித்' என்பார்கள். எங்கள் பள்ளி மதிப்பெண் அட்டையில் கணக்கு, வரலாறு எல்லாவற்றுக்கும் பிறகு இந்தச் சொல்லுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் அப்பாவிடம் பதில் சொல்லி மாளாது. ஓட்டுநர் உரிமத்தின் பெயரிலும் இதே சொல்லின் உறவுதான் இருக்கிறது என்று பின்னால்தான் கவனித்தேன்.

ஓட்டுவதும் நடத்தையும் ஒன்றுதான் என்று எனக்குப் புரியவைத்தது அகராதி அல்ல, லாரி ஓட்டுநர்கள்.

லாரி என்றாலே எமன் வாகனம் என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்படிச் சொல்ல வைக்கும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோரிமேட்டிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவன். திண்டிவனம் சாலையில் எத்தனை ஆயிரம் லாரிகள் என் வலது தோளுக்குப் பக்கத்தில் போயிருக்கும்! இன்று பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், முகம் தெரியாத பலர் எனக்கு இடம் விட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அந்த வேலையை உள்ளேயிருந்து பார்க்கும் வாய்ப்பு 1984-இல் கிடைத்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து காரைக்கால் கிளைக்குப் பீரோக்களும் படிவக் கட்டுகளும் அனுப்ப வேண்டியிருந்தது. உடன் போக ஒரு குமாஸ்தா வேண்டும் என்றார்கள். நான் போனேன். வாடகைக்கு அமர்த்திய லேலண்டு லாரி. ஓட்டுநர் சங்ககிரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இடது கதவோரம் ஒரு கிளீனர் பையன். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர்.

முதலில் நான் கவனித்தது ஹாரன். அவர் அதிகம் அடிக்கவில்லை. சைக்கிள்காரர் தூரத்தில் தெரியும்போதே ஒருமுறை, சின்னதாக. பக்கத்தில் போனதும் கையைக் கூடக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கிட்டப் போயி அடிச்சா திரும்பிப் பாப்பானுங்க சார். தலை திரும்பினா ஹேண்டிலும் கூடவே திரும்பிருமுங்க."

தினமும் சைக்கிள் மிதித்த எனக்கே அது உறைக்கவில்லை. வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிளும் வலப்பக்கம்தான் சாயும், அதாவது லாரியின் பக்கம்!

பின்னால் வருகிறவர்களுக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். லாரிக்குப் பின்னால் இருப்பவனுக்கு முன்சாலை தெரியாது, லாரிக்காரருக்குத்தான் தெரியும். வழி காலியாக இருந்தால் வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் வீசி 'போ' என்பார். சிலர் அதற்கு வலது இண்டிகேட்டரைப் போடுவதுண்டு. இவர் போடவில்லை. "அது வலது பக்கம் திரும்பறதுக்குமுங்க. ரெண்டு அர்த்தம் இருந்தா ஆளு செத்துருவானுங்க" என்றார். ஒரு காரை நெடுநேரம் விடவே இல்லை. அந்தக் காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். "வான்னு கை காட்டிட்டா அந்த உசுருக்கு நான் ஜவாப்புங்க சார்."

கொள்ளிடம் பாலம் தாண்டிய பிறகு, சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். டெல்டாப் பக்கம் அறுவடைக் காலத்தில் இது வழக்கம். மீதிப் பாதியில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே சைக்கிளில். பெரியவள் மிதிக்க, சின்னவள் கேரியரில். எதிரே தூரத்தில் ஒரு பஸ். தாண்டிவிட நேரம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கியரைக் குறைத்து அந்தப் பிள்ளைகளின் வேகத்துக்கே வந்துவிட்டார். சாலை நடுவைவிட்டு நகரவும் இல்லை. பின்னால் வந்த பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தும் நுழைய வழியில்லை.

எதிர் பஸ் நெல்லின் ஓரத்தில் ஏறிக் கடந்து போனது. அந்தக் காற்றிலோ நெல்லிலோ சைக்கிள் ஆட்டம் கண்டு, இரண்டு பிள்ளைகளும் சாலையிலேயே விழுந்தார்கள். எங்கள் லாரி பத்தடி தள்ளி நின்றது. கிளீனர் பையன் குதித்து ஓடித் தூக்கிவிட்டான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சின்னவள் பாவாடையைத் தட்டிக்கொண்டே புத்தகங்களைப் பொறுக்கினாள்.

"விழுவாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"தெரியாதுங்க சார். தெரியாததுனாலதான் பின்னாடியே வந்தேன்."

மரியாதை என்றால் நல்ல மனசு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மனசு மட்டும் போதாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிவிடும். அதனால் எதிராளி என்ன தவறு செய்யக்கூடும் என்று முன்பே எண்ணி, அந்தத் தவறுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். அந்த இடம் விடுவதில்தான் திறமையும் மரியாதையும் ஒன்றாக இருக்கின்றன.

இப்போது கனரக லாரிகள் நிறைய மாறிவிட்டன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். வெயிலில் வெந்தவர்களுக்கு அது நியாயமான வசதி, மகிழ்ச்சிதான். கண்ணாடி ஏற்றிவிட்டதால் அந்தக் கைதான் வெளியே தெரிவதில்லை. ஆகவே நாமும் கொஞ்சம் உதவ வேண்டும். நம் வயதில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியவில்லை. நீண்ட லாரி இடப்பக்கம் திரும்பும் முன் சற்று வலப்பக்கம் ஒதுங்கும். வழி விட்டார் என்று நினைத்து இடது சந்தில் நுழைந்துவிடாதீர்கள். பின்சக்கரம் உள்வாங்கி அங்கேதான் வரும்.

இன்னொன்று. நமக்காக ஒரு லாரி வேகம் குறைத்தால் கையைத் தூக்கி ஒரு வணக்கம் வையுங்கள். நான் வைக்கிறேன். சில பேர் விளக்கை ஒருமுறை சிமிட்டிவிட்டுப் போகிறார்கள்.