தண்ணீருக்குள் நின்ற பயிர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ. மழை. அதோடு விட்டிருந்தால் எங்கள் பாகூர் தாங்கியிருக்கும். ஆனால் டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. ஆறு கரை மீறி எங்கள் கழனிகளுக்குள் புகுந்தது. நட்டு அதிக நாள் ஆகாத சம்பா. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது.

பக்கத்துக் கழனிப் பெரியவர் சொன்னார்: "தண்ணி முழுசா வடியட்டும் தம்பி. குருத்து வந்தப்புறம் உரம் வச்சிக்கலாம். இப்ப ஒண்ணும் பண்ணாத."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்பவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஜிப்ரலிக் அமிலம் பயிரை உயர்த்தும் என்பது தெரியும். தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் பயிர் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போதே யூரியாக் கரைசலோடு சேர்த்துத் தெளித்தேன். குத்தகைக்குப் பயிர் வைத்திருந்த ஒரு தம்பி வரப்பில் நின்று, "நானும் அடிக்கட்டுமாண்ணே?" என்று கேட்டார். அடி என்றேன்.

சில நாளில் பயிர் எழும்பியது. வெளிறிய பச்சை, மெலிந்த தண்டு, நல்ல உயரம். வீட்டில் சந்தோஷமாகச் சொன்னேன்.

தண்ணீர் வடிந்ததும் அத்தனையும் சேற்றில் படுத்துவிட்டது.

இறங்கி ஒரு தூரைப் பிடுங்கினேன். கையோடு வந்தது. தண்டை அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை, விரலில் நசுங்கியது. வேர் கறுத்திருந்தது. வரப்பைத் தாண்டிப் பெரியவர் கழனிக்குப் போனேன். அதே பொன்னி ரகம், அதே வெள்ளம். இலைகள் பழுத்துக் குட்டையாக நின்றன. ஒரு தூரைக் குனிந்து விலக்கிப் பார்த்தேன். நடுவில் ஊசி போல ஒரு பச்சைக் குருத்து. அடுத்த தூரில் பார்த்தேன். அதிலும் இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

பிறகுதான் ஒரு வேளாண் அலுவலரிடம் கேட்டுப் புரிந்துகொண்டேன். மூழ்கிய நெல்லுக்குள் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் சேர்கிறது. அது, நான் தெளித்த அமிலம் சேர்ந்த ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியின் வேலையைத் தூண்டிவிட, பயிர் நீளத் தொடங்குகிறது. நீள்வதற்குச் செலவாவது தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்து. வெள்ளம் வடிந்தபின் குருத்து விட வேண்டிய கையிருப்பும் அதுதான். என் பயிர் ஏற்கெனவே அதைச் செலவழித்துக்கொண்டிருந்தது. மிச்சத்தையும் நான் தெளித்துத் தீர்த்தேன். ஜிப்ரலின் உலகுக்குத் தெரியவந்ததே நாற்றை நெட்டையாக வெளிற வைத்துச் சாய்க்கும் ஒரு பூஞ்சை நோயால்தான். அந்தப் பூஞ்சை சுரக்கும் பொருளே நாற்றை நீள வைக்கிறது என்று 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர் கண்டார். நான் அதை அறிந்தது என் பயிர் சாய்ந்த பிறகு.

ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல் வேறு வழியில் தப்பிக்கிறது. மூழ்கியதும் அதிலுள்ள சப்1ஏ என்ற மரபணு ஜிப்ரலினுக்குப் பணியாதபடி பயிரை அடக்கி வைக்கிறது. வளராமல், செலவழிக்காமல் கிடந்து, சுமார் இரண்டு வாரம் வரை தாங்கும். 2006இல் ஆராய்ச்சியாளர்கள் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள்.

பெரியவர் குருத்து தெளிந்தபின் யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து இட்டார். குறைவாகத்தான், ஆனால் அறுத்தார். எனக்கு மாட்டுக்கு வைக்கோல்கூடத் தேறவில்லை. என் நஷ்டத்தை நான் தாங்கினேன். அந்தக் குத்தகைக்காரத் தம்பி வட்டிக்கு வாங்கி நட்டவர். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து விதைக்க உளுந்து வாங்கிக் கொடுத்தேன். அவர் கடன் அப்படியே இருந்தது.

சப்1ஏ சேர்த்த சி.ஆர்.1009 சப்-1 தமிழ்நாட்டிலேயே வெளியான ரகம். மோட்டா நெல், பொன்னி விலை வராது, 150 நாளுக்கு மேல் ஆகும். பாகூரிலும் வில்லியனூரிலும் தாழ்ந்த கழனி வைத்திருப்பவர்கள் ஆடி மாதமே உழவர் உதவியகத்தில் அந்த விதை உண்டா என்று கேட்டு வையுங்கள்.