ஏல, ஒன்கிட்டயா கேட்டேன்?

இரண்டே கால் வயதில் என் மகனுக்கு ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் தெரியும். தண்ணீர் கேட்கத் தெரியாது. தாகம் எடுத்தால் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஃபில்டர் முன்னால் நிறுத்துவான். அதைப் புத்திசாலித்தனம் என்று வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டவர்கள் நாங்கள்.

சென்னையில் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் காதைச் சோதிக்கச் சொன்னார். காது சரியாக இருந்தது. "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாக்குறான்?" என்றார். "ஒரு மணி நேரம் இருக்கும்." பொய். இரவு போனிலேயே கணக்குப் பார்த்தேன். நான்கு மணி நாற்பது நிமிடம். இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரமே அதிகபட்சம், அதற்கும் குறைவென்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருக்கிறது. இதில் எனக்குக் கூடுதலாக ஒரு வெட்கம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, அந்த மாதிரி ஒன்றை எழுதித்தான் இரண்டு வருடம் சம்பளம் வாங்கினேன்.

மே மாதம் கொற்கைக்குப் போனோம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். தாமிரபரணி கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. இப்போது வாழையும் குளமும்தான். ஆச்சி வீட்டில் சிக்னல் வாசலில் மட்டும் கிடைக்கும்.

முதல் நாள் திண்ணையில் ஆச்சி அவனிடம் கேட்டாள். "எய்யா, கோழி என்ன சொல்லுது?" கேட்டுவிட்டுப் பேசாமல் அவன் முகத்தையே பார்த்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "கொக்கொக்குன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏல, ஒன்கிட்டயா கேட்டேன்?"

அவன் வாயைக் கொஞ்சம் அசைத்தான். சத்தம் வரவில்லை. "அப்படியா சொல்லுது!" என்று ஆச்சி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

பாட்ரிஷியா குல் என்பவரின் ஆய்வு ஒன்று, 2003இல் வந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் பன்னிரண்டு தடவை சீனமொழி பேசினார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து பேசிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்களை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை. டிவி பதிலுக்குக் காத்திருப்பதில்லையே.

போனைப் பிடுங்கினால் பேச்சு வந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பேச்சு தாமதிக்கப் பல காரணங்கள் உண்டு. எங்களுக்குப் பயிற்சி இன்னும் நடக்கிறது.

பத்தாம் நாள் காலை, முற்றத்தைப் பார்த்து "கோயி" என்றான். ஆச்சி அசரவே இல்லை. "ஆமாய்யா, கோழிதான். தண்ணி குடிக்க வந்துருக்கு." நான் அவசரமாகப் போனை எடுத்தேன், வீடியோ எடுக்க. அவன் திரும்பினான். கோழியை விட்டுவிட்டு, போனுக்குக் கையை நீட்டினான்.