நம்மேல் என்ன கோபம்?

கோலா தெர்லாவில் காலை மூடுபனி விலகுமுன் முதல் பாடவேளை முடிந்துவிடும். அன்றும் அப்படித்தான். சாளரத்துக்கு அப்பால் தேயிலைச் சரிவுகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. பள்ளத்தில் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் மட்டும் மங்கலாய்த் தெரிந்தன. வரலாற்று ஆசிரியை விடுப்பில் இருந்தமையால், தலைமையாசிரியனாகிய நானே அலுவலகக் கோப்புகளை மூடி வைத்துவிட்டு ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குச் சென்றிருந்தேன். பாடம், மலாயாமீது ஜப்பானியர் படையெடுத்த வரலாறு. ஆண்டு, திங்கள், நாள், இடம், தளபதியின் பெயர் என வழக்கம்போல் பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். காய்கறி லாரி ஓட்டுபவரின் மகள், அதிகம் பேசாதவள்.

"ஐயா, ஜப்பான்காரங்களுக்கு நம்ம மேல என்ன கோபம்?"

முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் இப்பாடத்தை நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு வினாவை எவரும் என்னிடம் கேட்டதில்லை. விடை சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது. மணி அடித்ததற்காக மகிழ்ந்த ஆசிரியன் என்ற முறையில் வெட்கத்தோடுதான் அறைக்குத் திரும்பினேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் போரைக் கற்பித்தவர், பேர்ல் துறைமுகத்திலிருந்து தொடங்குவார். அமெரிக்கக் கப்பல்கள் தீப்பற்றி எரிந்த படத்தைக் காட்டிவிட்டு, "அதனைத் தொடர்ந்து மலாயாவும் தாக்கப்பட்டது" என்பார். நானும் பல்லாண்டுக் காலம் அந்த வரிசையிலேயே சொல்லி வந்தேன். உண்மை வேறு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் ஜப்பானியப் படகுகள் கோத்தா பாருவின் சாபாக், பாடாங் கடற்கரைகளை நோக்கி வந்துவிட்டன. பேர்ல் துறைமுகத்தில் முதற்குண்டு விழுந்தபோது மலாயாவில் அதிகாலை மணி 1.48. ஆக, ஹவாய்க்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்திக்கொண்டது கிளந்தான். அங்கே டிசம்பர் 7, இங்கே டிசம்பர் 8 என்று நாட்காட்டி காட்டுவதால் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பிள்ளைகள் என்ன, நானே ஏமாந்தேன். ஏழுக்குப் பின்தானே எட்டு வரும்!

அந்தக் கரையில் முள்வேலிக்குப் பின்னே நின்றவர்கள் யார்? இமயமலை அடிவாரத்திலிருந்து வந்த டோக்ரா சிப்பாய்கள். எட்டாம் இந்தியக் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கோத்தா பாரு விமானத் தளத்திலிருந்து எழும்பிய ஆஸ்திரேலிய விமானிகளின் ஹட்சன் விமானங்கள் ஜப்பானியரின் துருப்புக் கப்பல்களைத் தாக்கின. அவாஜிசான் மாரு என்னும் கப்பல் தீப்பற்றியது. சிப்பாய்களோ பலர் நின்ற இடத்திலேயே மடிந்தனர். பஞ்சாபுக் குன்றுகளின் பிள்ளை, ஜப்பானியத் தீவின் பிள்ளையை, கிளந்தான் மீனவரின் மணலில் வைத்துச் சுட வேண்டியிருந்தது. அவர்களுக்குள்ளே முன்பகை ஏது?

சிறுமியின் வினா என்னை உறங்கவிடவில்லை. கோபத்தைத் தேடி நூல்களைப் புரட்டினேன். கோபம் எங்குமே அகப்படவில்லை.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஜெர்மானியப் படை லக்சம்பர்க்கினுள் நுழைந்தது. அதன் இருப்புப்பாதைகள் வேண்டியிருந்தன. அதே நாளில் பெல்ஜியத்துக்கு ஓர் ஓலை போயிற்று: எங்கள் படைக்கு வழி விடுங்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விடை கூறுங்கள் என்று. பெல்ஜியம் நடுநிலை நாடென்பதற்கு 1839ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கையே சான்று. அதில் பிரஷ்யாவும் கையொப்பமிட்டிருந்தது. மன்னர் ஆல்பர்ட் மறுத்தார். 4ஆம் நாள் படை புகுந்தது. ஜெர்மனி கேட்டதெல்லாம் பாரிசுக்குப் போக ஒரு சாலை. 1940 ஏப்ரல் 9இல் டென்மார்க்கும் நார்வேயும் விழித்தெழுந்தபோது ஜெர்மானியர் வாசலில் நின்றனர். டென்மார்க்கின் விமானத் தளங்கள் நார்வேக்குப் படிக்கட்டு. நார்வேயின் நார்விக் துறைமுகம் சுவீடனின் இரும்புத் தாது வெளியேறும் வாயில். டென்மார்க் சில மணி நேரத்தில் பணிந்தது. நார்வே இரண்டு திங்கள் போராடியது. மறு திங்களே நெதர்லாந்து, பெல்ஜியம், மீண்டும் அதே லக்சம்பர்க்.

ஒரு தரப்பையே பழிப்பதும் நேர்மையாகாது. நடுநிலை வகித்த ஐஸ்லாந்தில் 1940 மே 10ஆம் நாள் படையை இறக்கியது பிரிட்டன். 1941 ஆகஸ்டு 25இல் பிரிட்டனும் சோவியத் நாடும் ஈரானுக்குள் இரு திசையிலும் புகுந்தன. சோவியத் நாட்டுக்குத் தளவாடம் அனுப்ப அங்கேயும் ஒரு சாலை தேவைப்பட்டது. அப்படையிலும் இந்தியச் சிப்பாய்களே மிகுதி. நம் வடக்கேயும் இதுதான் கதை: ஜப்பானியர் சயாமில் இறங்குமுன் தாங்களே சயாமுக்குள் நுழைந்துவிடுவதென்று ஆங்கிலேயர் 'மெட்டடோர்' என்னும் திட்டம் வகுத்திருந்தனர். தயங்கித் தயங்கிக் கைவிட்டனர். முந்திக்கொண்டவர்கள் ஜப்பானியர். சிங்கோராவிலும் பட்டானியிலும் அவர்கள் இறங்கிய அதே காலையில் சயாமியர் சில மணி நேரம் எதிர்த்துப் போரிட்டுவிட்டு வழி விட்டனர்.

வீட்டுக்குக் குறுக்கே பாதை வேண்டுமென்றால் பெரியவர்கள் வேலியைப் பிடுங்குகிறார்கள். வீட்டுக்காரனிடம் அவர்களுக்குக் கோபம் இருந்தாக வேண்டிய தேவையில்லை.

மலாயாவோ பெல்ஜியத்தைவிடக் கீழான நிலையில் இருந்தது. 'முடியாது' என்று சொல்லவாவது பெல்ஜியத்துக்கு ஒரு மன்னரும் மன்றமும் இருந்தன. மலாயாவுக்காக முடிவெடுத்தவர்கள் லண்டனிலும் தோக்கியோவிலும் இருந்தார்கள். 1941ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளின் எண்ணெய்மீது ஜப்பானின் பார்வை விழுந்தது. அவ்வழியில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளம் நின்றது. அதற்கும் மேலாக, உலகின் ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலாயாவில் விளைந்தது. அந்தப் பால்மரத்தை வெட்டியவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். படையெடுப்புக்குக் காரணமான பொருள் ஒவ்வொரு விடியலிலும் அவர் கைவழியேதான் வடிந்தது; அது அவருக்குத் தெரியாது.

தாத்தா வேலை செய்த தோட்டம், தாப்பாவுக்கும் பீடோருக்கும் இடையில் பெருஞ்சாலையை ஒட்டியிருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டாம். பாட்டி சொல்லியே எனக்கு இதெல்லாம் தெரியும். ஒரு நாள் காலை பிரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நின்றபோது பேர் கூப்பிட எவரும் வரவில்லை. துரை பங்களாவின் கதவு திறந்தே கிடந்தது. முந்தைய இரவில் துரை தம் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டாராம். "நாய்க்கு இடம் இருந்துச்சு" என்று பாட்டி சொல்வார். அவ்வளவுதான் சொல்வார். ஏதோ ஒரு துரை செய்த பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பினாங்குத் தீவிலிருந்து டிசம்பர் நடுவில் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றி அனுப்பிவிட்டு மற்றவர்களை விட்டுச்சென்றது வரலாற்றில் பதிவான செய்தி.

பிறகு பின்வாங்கும் சிப்பாய்கள் வந்தனர். லயத்து வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்துப் போயினர். கம்பாரில் மூன்று நான்கு நாள் பீரங்கி முழங்கி ஓய்ந்த பின்னர், 1942 ஜனவரித் தொடக்கத்தில், மார்கழி முடியுமுன், சாலையில் பேரோசை ஒன்று எழுந்ததாம். டாங்கிகள் என்றெண்ணி எல்லாரும் மரங்களுக்கிடையே ஓடி ஒளிந்தார்கள். வந்தவை சைக்கிள்கள். ரப்பர் நாட்டில் டயர் கிழிந்துபோன சைக்கிள்கள்! வெறும் இரும்புச் சக்கரம் தார்ச்சாலையில் உராய்ந்த ஓசைதான் அது. அப்போது என் தந்தையாருக்கு ஆறு வயது. மரத்தின் பின்னிருந்து எண்ணத் தொடங்கி, நூறுக்கு மேல் எண்ணத் தெரியாமல் நிறுத்திவிட்டதாகக் கூறுவார்.

அதே 1941ஆம் ஆண்டில், போருக்குச் சில திங்கள் முன்னர், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று: துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. அரசு படையை அழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். எட்டுத் திங்களுக்குள் சைக்கிளை விட்டு இறங்காமலே வேறொருவன் வந்து சேர்ந்தான். வந்தவனும் நம் மக்களைக் குனியத்தான் சொன்னான்.

ஜனவரி 11இல் கோலாலம்பூர், பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். எழுபதே நாளில் முடிந்த இந்தப் போர்க்களக் கதைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

மலாயாவைக் கடந்தவர்களுக்கு அடுத்து பர்மாவும், பர்மாவுக்கு அப்பால் இந்தியாவும் தெரிந்தன. மீண்டும் ஒரு சாலை வேண்டியிருந்தது; இம்முறை இருப்புப்பாதை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் வாங்குவாரின்றி மக்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்திருந்த காலம் அது. சம்பளமும் அரிசியும் தருவதாகச் சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பலரைப் பிடித்தே ஏற்றினார்கள். அவ்வேலையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் மலாயாத் தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதி, காய்ச்சல், பசி, அடி.

தாத்தா தாப்பா ரோடு நிலையத்தில் சரக்கு வண்டி ஏறினார். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்றாராம். பாட்டி தன் எண்பத்தோராம் வயதில், இந்த மலையில்தான் இறந்தார். நெற்றியில் குங்குமத்தோடு இறந்தார். இறந்துவிட்டதாக எவரும் வந்து சொல்லவில்லையே, நானாக எப்படி அழிப்பது என்பது அவர் வாதம். போருக்குப் பின் பால்மரக் காட்டைக் காணவே பிடிக்காமல் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு தேயிலை மலைக்கு ஏறி வந்தவர் அவர். நாங்கள் கோலா தெர்லாக்காரர்களான கதை இதுதான்.

இவ்வளவையும் நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு முறை சொல்லத் தொடங்கினேன். கடைசி இருக்கையில் அமர்ந்து குறிப்பெழுதிய மேற்பார்வையாளர், "வரலாற்றில் வீட்டுக் கதையைக் கலக்காதே" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அவர் நல்லவர், நடுவுநிலை கெடும் என்று அஞ்சினார் போலும். அந்தச் சிவப்பு மைக்கு முப்பது ஆண்டுகள் கீழ்ப்படிந்தேன். காஞ்சனபுரிக்கு ஆசிரிய நண்பர்களோடு பள்ளி விடுமுறையில் சென்றபோதுகூட, போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயரும் வயதும் படித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேனே தவிர, உடன் வந்தவர்களிடம் தாத்தாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கற்களில் அவர் பெயர் இருக்க வழியில்லை. இருந்தும் ஒவ்வொரு கல்லாகப் படித்தேன்.

மறுவாரம் அதே வகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தென்கிழக்காசிய நிலப்படத்தைப் பலகையில் மாட்டினேன். "அன்று நீ கேட்டதற்கு விடை சொல்கிறேன், அம்மா. அவர்களுக்கு நம்மேல் கோபம் ஏதுமில்லை. நாம் இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை" என்றேன். கோத்தா பாருவிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரு கோடும், பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை ஒரு கோடும் இழுக்கச் சொன்னேன். பிறகு பாட்டி சொன்னதைச் சொன்னேன். நாய்க்கு இடமிருந்த கார், டயர் இல்லாத சைக்கிள், மூன்று மாதத்தில் திரும்புவதாகச் சொன்னவர். வகுப்பில் பென்சில் உருளும் ஓசைகூடக் கேட்கவில்லை.

அச்சிறுமி மீண்டும் கையை உயர்த்தினாள்.

"ஐயா, உங்க தாத்தா பேரு என்ன?"

சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதத் தொடங்கியவள் நிமிர்ந்து, "எந்த ஊர்ல எழுதறது ஐயா?" என்றாள்.

இரண்டு ஊர்களுக்கும் நடுவில் எங்கேயாவது எழுது என்றேன். ஏட்டில் அவள் வரைந்த படத்தில் அவ்விடம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. கோட்டின் மேலேயே எழுதினாள்.