ஐந்து ஆறுகளும் ஒரு கேள்வியும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பஸ்ஸில் போவதாக இருந்தால் ஜன்னல் ஓரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு மைல் பயணம்தான். ஆனால் அந்த எட்டு மைலுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று நாலு ஆறுகளைத் தாண்டி, ஐந்தாவதாகக் காவேரியையே பார்த்துவிடுவீர்கள். ஊருக்கு ஏன் திருவையாறு என்று பெயர் வந்தது என யாரையும் கேட்க வேண்டியதில்லை. விரலை மடக்கி எண்ணினாலே போதும்.

திருவையாறு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? பக்தர்களுக்கு ஐயாறப்பர் கோயில். சங்கீத ரசிகர்களுக்குப் புஷ்ய பகுள பஞ்சமியன்று காவேரிக் கரையில் நடக்கும் தியாகராஜ ஆராதனை. நாக்கை நம்பி வாழ்கிறவர்களுக்கு நெய் சொட்டும் அசோகா. இவை எல்லாவற்றையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1847-ல் சித்தியடைந்த தியாகராஜ ஸ்வாமிகள் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி போட முடிந்ததென்றால், அதை நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்த கைகளும் அருகிலேயே இருந்திருக்க வேண்டும் அல்லவா? இந்தத் தடவை அந்தக் கைகளைப் பற்றிப் பேசுவோம்.

ஊரை விட்டு வெளியே வந்து, வாழைக் கொல்லைகளைத் தாண்டி வயல் பக்கம் நடந்து, நாலு வேலி நிலம் உள்ளவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "நடவுக்கு ஆளே கிடைக்கலை, சார்!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். பிறகு கூலிக்காரர்களின் தெருவுக்குப் போய், நடவு நட்டே தலை நரைத்த ஓர் ஆத்தாளைக் கேளுங்கள். "வேலை எங்கே தம்பி இருக்கு?" என்பாள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சத்தியம். ஆளும் இல்லை, வேலையும் இல்லை! இது எப்படி?

நெல் வேலை வருஷம் முழுவதும் இருக்கிற வேலை அல்ல. நாற்றுப் பறிப்பும் நடவும் சில நாட்கள். களையெடுப்பு சில நாட்கள். அறுப்பு சில நாட்கள். அந்த நாட்களில் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் ஆள் வேண்டும். மற்ற நாட்களில் ஒரு வயலுக்கும் வேண்டாம். குறுவை, சம்பா, தாளடி என்று போகங்கள் கூடினால் வேலை நாட்களும் கூடும். போகம் ஒன்று தவறினால் அத்தனை நாள் கூலியும் தவறும்.

இதையெல்லாம் தீர்மானிப்பது 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை. ஜூன் 12-ந் தேதி அணையைத் திறப்பது வழக்கம். மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து பாயும். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2016-ல் திறந்தது செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. பிறகு 2020-ல்தான் வழக்கமான தேதி திரும்பியது. 2024-ல் மறுபடியும் ஜூலை மாதக் கடைசி ஆகிவிட்டது.

தண்ணீர் தாமதமானால் நிலக்காரர் என்ன செய்வார்? நாற்றங்கால் போட்டுக் காத்திருக்க நாள் இல்லை. விதையை நேராக வயலில் தெளித்துவிடுவார். நேரடி விதைப்பு என்று இதற்குப் பெயர். அவருக்கு ஒரு மாதிரி சமாளிப்பு. ஆனால் நாற்றுப் பறிப்பும் இல்லை, நடவும் இல்லை. ஓர் ஏக்கர் நட பத்துப் பதினைந்து பெண்கள் வேண்டுமே, அவர்களுடைய கூலி அந்தத் தெளிப்போடு போயிற்று! தண்ணீர் வந்த வருஷத்தில் நடவு இயந்திரம் வந்தது. அறுப்புக்கோ சங்கிலிச் சக்கர இயந்திரம், ஓர் ஏக்கரை ஒன்றரை மணி நேரத்தில் அறுத்து, நெல்லையும் உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

இயந்திரத்தைத் திட்டிப் பயன் இல்லை. ஆள் கிடைக்காத பத்து நாளில் மழை வந்துவிட்டால் விளைந்த பயிர் சாய்ந்துவிடும். நிலக்காரர் இயந்திரத்தைத்தான் கூப்பிடுவார். ஆனால் ஆள் ஏன் கிடைக்கவில்லை? வருஷத்தில் முப்பது நாற்பது நாள் கூலியை நம்பி எந்தக் குடும்பம் ஊரில் உட்கார்ந்திருக்கும்? இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கட்டட வேலைக்கும், முடிந்தவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். தெருவில் மிஞ்சியவர்கள் கிழவர்களும் குழந்தைகளும், வாரக் கடன் கட்டும் பெண்களும். சமீப வருஷங்களில் மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்து காவேரி வயல்களில் நடவு நடுகிறார்கள்! நம் ஊர்க்காரர் வேலை தேடி மேற்கே போக, வடக்கே இருந்து வேறொருவர் இங்கே வேலை தேடி வருகிறார்.

பழைய காலமே தேவலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பண்ணையாள் முறையில் வருஷம் முழுவதும் வேலை இருந்தது, சவுக்கடியும் இருந்தது. 1952-ல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவர்களை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுக்கப் பார்த்தது. நிலக்காரர்கள் பலர், பண்ணையாளே வேண்டாம், தினக்கூலி போதும் என்று மாறிக்கொண்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவில், அப்போது இதே தஞ்சை ஜில்லாவில் இருந்த கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தகராற்றில் 44 உயிர்கள் தீயில் போயின. அந்த ஜனங்கள் கேட்டது கூடுதலாகக் கொஞ்சம் நெல்.

வேலையில்லாத் திண்டாட்டம் என்றதும் சரித்திரம் படித்தவர்கள் ஜெர்மனியைச் சொல்வார்கள். 1932-33 குளிர்காலத்தில் அங்கே சுமார் 60 லட்சம் பேர் வேலையற்றவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். அந்தக் கோபமும் ஏக்கமும் ஹிட்லருக்கு எவ்வளவு உதவின என்பது உலகம் அறிந்த கதை. பக்கத்து ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கே ஜவுளி ஆலை மூடியதும் ஊரே வேலையிழந்தது. மேரி யகோடா முதலிய ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்து 1933-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். வேலை இல்லையே, ஜனங்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? வாசகசாலையில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது! தெருவில் ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது. வேலை போனால் கூலி மட்டும் போவதில்லை. பொழுதும் உற்சாகமும் கூடப் போய்விடுகின்றன.

ஜெர்மன் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. அவன் வேலை இழந்தது ஒரு புத்தகத்தில் பதிவாயிற்று. திருவையாற்று நடவாளுக்கு ஆலைக் கதவும் இல்லை. அதை மூடும் நாளும் இல்லை. ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவரும் 'உழைப்பாளர்' வரிசையிலேயே ஓர் ஓரத்தில் சேர்ந்துவிடுவார். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தபோது, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஏக்கரே இல்லாதவருக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது? அவருக்கென்று அப்போது சொன்னது, நூறு நாள் வேலையை 150 நாளாக்குகிறோம் என்பது ஒன்றுதான்.

அந்த வழியில்தான் விடையும் இருக்கிறது. மாசி முதல் வைகாசி வரை வயல் சும்மா கிடக்கும் மாதங்கள். அதே மாதங்களில்தான் தண்ணீர் வருவதற்கு முன் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர் வார வேண்டும். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை மண்வாரி இயந்திரம் செய்கிறது. பெரிய ஆறுகளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் ஊருக்கு ஊர் பாயும் கன்னி வாய்க்கால்களுக்கும் அதுதானா வேண்டும்? 2005-ம் வருஷத்து ஊரக வேலைச் சட்டம், கூடியவரை ஆளின் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தை இறக்கக் கூடாது என்றே சொல்லிற்று.

திருவையாற்றுக்குப் போனால் கோயிலைப் பாருங்கள், ஸ்வாமிகளின் சமாதியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், அசோகாவும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, வயலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். கோடையில் வாய்க்கால் வெட்ட ஆளை வைத்துக் கூலி கொடுத்தால், ஆனியில் நடவுக்கு ஆள் ஊரிலேயே இருக்கும். நிலக்காரரின் புகாருக்கும் ஆத்தாளின் புகாருக்கும் மருந்து ஒன்றுதான்.