பெரு: பார்க்க வேண்டிய வயல்கள், கொண்டு வரக் கூடாத மண்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் பெரு நாட்டுக்குச் சுற்றுலா என்றாலே எல்லோரும் மச்சு பிச்சுவைத்தான் சொல்வார்கள். ஆனால், உருளைக்கிழங்கின் தாய்வீடு அங்குள்ள ஆண்டிஸ் மலை. விவசாயியாகப் போகிறவருக்கு அங்கே பார்க்க வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன.

தங்கத்தில் கோத்த கடலை

வடக்கில் லம்பாயெக்கே ஊரில் ‘சிபான் அரச கல்லறைகள் அருங்காட்சியகம்’ இருக்கிறது. 1987-ம் ஆண்டு சிபானில் மோச்சே மக்களின் தலைவர் ஒருவருடைய கல்லறை வெளிப்பட்டது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவருடன் புதைத்திருந்த நகைகளில் ஒன்று, நிலக்கடலை மாலை! ஒரு பக்கம் தங்கக் கடலை, மறுபக்கம் வெள்ளிக் கடலை. தோலில் உள்ள வரிகளைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் மணிலாக் கொட்டை என்று பெயர் பெற்ற நிலக்கடலை, தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பிறந்த இடத்தில் அதற்கு இருந்த மரியாதை அந்த மாலையில் தெரியும்.

மச்சு பிச்சு: அடியில் இருக்கும் வேலை

கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில், 15-ம் நூற்றாண்டில் இன்கா மக்கள் கட்டிய ஊர் இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மி.மீ. மழை பெய்யும் செங்குத்தான மலை. இருந்தும் படிமட்ட வயல்கள் சரியவில்லை. காரணம், கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதி. கல்சுவருக்குப் பின்னால் கீழே பெரிய கற்கள், அதன்மேல் சரளை, பிறகு மணல், மேலே வளமான மண் என்று அடுக்கியிருக்கிறார்கள். பெய்யும் மழை தேங்காமல் கீழே இறங்கி வடிந்துவிடும். வேரும் அழுகாது, சுவரும் பிதுங்காது. சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம்.

மொராய், மராஸ்

குஸ்கோ நகரத்துக்கு அருகே, ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். மொராய் என்பது பெரிய கிண்ணம் போல, வட்ட வட்டமாகக் கீழே இறங்கும் வயல்கள். மேல்படிக்கும் அடிப்படிக்கும் வெப்பநிலை மாறுபடும். இன்கா காலத்தில் பயிர்களைச் சோதித்துப் பார்த்த இடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மராஸில் மலையிலிருந்து ஊறும் உப்பு நீர்ச் சுனையைச் சிறு வாய்க்கால்களில் பிரித்து, ஆயிரக்கணக்கான பாத்திகளில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள். பாத்திகளை உள்ளூர்க் குடும்பங்களே பராமரிக்கின்றன.

மருமகளை அழவைக்கும் கிழங்கு

பிசாக் ஊருக்கு மேலே கெச்சுவா மக்களின் கிராமங்கள் சேர்ந்து நடத்தும் ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ இருக்கிறது. ஊதா, சிவப்பு, கறுப்பு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களை வயலிலேயே காப்பாற்றி வருகிறார்கள். முண்டும் முடிச்சுமான ஒரு ரகத்துக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று பெயர். அதைத் தோல் சீவ முடியாதாம்! 1971-ல் லிமாவில் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம், தன் சேமிப்பிலிருந்த பழைய ரகங்களை நோய் நீக்கி இவர்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஆனால், இந்த மக்களுக்கு ஒரு கவலை உண்டு. வெப்பம் கூடக்கூட நாட்டு ரகங்களை முன்பைவிட உயரத்தில் நட வேண்டியிருக்கிறது. மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டு. அதற்கு மேலே வயல் கிடையாது.

இங்கே கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியது ‘சூன்யோ’. உறைபனி இரவில் கிழங்கைத் திறந்தவெளியில் பரப்பி, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. மின்சாரம் இல்லாத குளிர்பதனக் கிடங்கு என்றே சொல்லலாம்.

டிட்டிகாகா ஏரி

சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி. கோரை போன்ற ‘தொத்தோரா’ புல்லை அடுக்கி அமைத்த மிதக்கும் தீவுகளில் உரோஸ் மக்கள் வாழ்கிறார்கள். ஏரிக்கரையில் ‘வாரு வாரு’ மேட்டுப்பாத்திகளின் தடங்களையும் பாருங்கள். பாத்திகளுக்கு இடையே உள்ள வாய்க்கால் நீர் பகலில் வெப்பத்தை வாங்கி, இரவில் வெளிவிடும். அதனால் உறைபனிச் சேதம் குறையும். கைவிடப்பட்டிருந்த இந்த முறையை 1980-களில் ஆய்வாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து மீட்டுப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. ஆனால் ஆள் வேலை அதிகம் என்பதால் பல இடங்களில் நீடிக்கவில்லை.

செல்வோர் கவனத்துக்கு

* மே முதல் செப்டம்பர் வரை மலைப்பகுதியில் மழை குறைவு. இரவில் குளிர் கடுமை.
* குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைவலி, மூச்சுத்திணறல் வரலாம். முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.
* மச்சு பிச்சுவுக்கு நுழைவுச்சீட்டு எண்ணிக்கை வரம்பு உண்டு. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.
* அங்கே கோக்கா இலைத் தேநீர் சாதாரணம். அந்த இலையை இந்தியாவுக்குக் கொண்டு வருவது குற்றம்.
* மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பற்றிப் பயணத்துக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிழங்குகூட வேண்டாம்

வண்ண வண்ணக் கிழங்குகளைப் பார்த்ததும், இரண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து நம் மண்ணில் நட்டுப் பார்க்கலாமே என்று எந்த விவசாயிக்கும் கை அரிக்கும். அதைச் செய்யவே கூடாது. உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழுவின் பூர்வீகமும் இதே ஆண்டிஸ் மலைதான். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு உலகம் சுற்றிய அந்தப் புழு, நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நீலகிரி விதைக்கிழங்கை வெளியூர்களுக்குக் கொண்டு செல்லத் தடை வந்ததும் இதனால்தான். ஒரு பிடி மண் செய்த வேலையின் விலையை அங்குள்ள விவசாயிகள் இன்றும் கொடுக்கிறார்கள்.

எனவே, விதை, கிழங்கு, மண் எதுவும் பெட்டியில் வேண்டாம். வயலில் இறங்கிய செருப்பை அங்கேயே நன்றாகக் கழுவிவிட்டு விமானம் ஏறுங்கள். வடிகால் அடுக்கும் முறையையும், மேட்டுப்பாத்தி யோசனையையும், ரகங்களைக் கைவிடாத அந்த மக்களின் பிடிவாதத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரலாம். அதற்குத் தடை இல்லை.