பொனற்றைத் திறந்து பார்ப்போம்

சைக்கிளுக்குக் காற்றுப் போனால் நாங்களே பம்பை எடுத்து அடிக்கிறோம். தையல் மெசினுக்கு எண்ணெய் விடுகிறோம். நீர்ப்பம்பி இழுக்காவிட்டால் அதற்குத் தண்ணீர் வார்த்துப் பார்க்கிறோம். ஆனால் வாகனத்தின் பொனற்றைத் திறப்பதென்றால் மட்டும் எங்களில் பலர் ஒரு ஆணைத் தேடுகிறோம். அந்த வேலையை எங்களுக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. ‘வேலைப் பிரிவினை’ என்று பல்கலைக்கழகத்தில் படித்த பாடத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது வன்னிக் கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான்.

போரில் கணவனை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்ட கணவனை இன்னும் தேடுபவர்களும் குடும்பத்தைத் தனியே சுமக்கிறார்கள். அவர்களிற் சிலர் இன்று சாரதி ஆசனத்தில் இருக்கிறார்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், பின்னேரம் சந்தைக்கு மரக்கறி கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு அக்கா, கடன் எடுத்து ஒரு பழைய வான் வாங்கினார். விற்றவர் சொன்ன ஒரே ஆலோசனை, “ரேடியேற்றருக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துங்கோ, போதும்” என்பதுதான். அக்காவும் தவறாமல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்தார். ஒரு வருடத்தில் இயந்திரம் கொதித்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, கஸ்கற் எரிந்து போனது. வாகனம் மூன்று கிழமை கராஜில் கிடந்தது. காப்பை அடைவு வைத்துத்தான் வெளியே எடுத்தார். பிள்ளைகளை ஏற்றுவதற்குப் பெற்றோர் வேறு வாகனம் பார்த்துக் கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரே திரும்பி வந்தார்கள்.

தண்ணீர் ஊற்றியும் ஏன் இப்படி நடந்தது? இயந்திரத்தில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிரூட்டும் திரவத்துக்குப் போகிறது. பம்பி அந்தத் திரவத்தை இயந்திரத்தின் உட்குழிகளுக்குள் சுற்றவிடுகிறது. சூடேறிய திரவம் முன்னாலுள்ள ரேடியேற்றருக்கு வந்து, மெல்லிய குழாய்களுக்குள்ளால் ஓடி, காற்றில் ஆறித் திரும்பிப் போகிறது. எங்கள் கிணறுகள் பலவற்றில் நீர் சுண்ணாம்புத் தன்மை கூடியது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லோருக்கும் தெரியும். அதே படிவுதான் ரேடியேற்றரின் குழாய்களிலும் படிகிறது. வழி அடைபட்டால் சூடு வெளியேறாது. வெறும் தண்ணீர் உலோகத்தைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

இதற்காகத்தான் கூலன்ற் இருக்கிறது. இது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனமும், துருப்பிடிக்காமல் காக்கும் சேர்மானங்களும் கொண்டது. இதையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்தால், கலவை 100 பாகையில் கொதிக்காது, ஏறத்தாழ 106 பாகை வரை தாங்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் வாகனத்துக்குள் இன்னும் கூடத் தாங்கும். எங்களுக்கு உறைபனி இல்லைத்தானே, கூலன்ற் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கொதிக்காமல் காப்பதும் துருவைத் தடுப்பதும் வெயில் நாட்டுக்கும் தேவை.

பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எங்கள் தாய்மார் கண்டிருக்கிறார்கள். ஸ்ரார்ட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். அந்தப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வார்ப்பிரும்பு இயந்திரங்கள் கொண்டவை. இன்றைய வாகனங்கள் பலவற்றின் ஹெட் அலுமினியக் கலவை. அது கடும் சூட்டில் சீக்கிரம் வளைந்து விடும். ஆகவே அந்தக் காலத்துப் பழக்கத்தை இந்தக் காலத்து வாகனத்துக்குக் கொண்டு வர முடியாது.

பார்க்கும் முறை இலகுவானது. காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும் போது, சமதரையில் வாகனத்தை நிறுத்திப் பொனற்றைத் திறவுங்கள். ரேடியேற்றரிலிருந்து ஒரு சிறு குழாய் போய்ச் சேரும் வெளிறிய பிளாஸ்ரிக் தாங்கி இருக்கும். அதன் பக்கத்தில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் உண்டு. திரவம் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்தால் மேற்கோடு வரை விடுங்கள். அதற்கு மேல் விட வேண்டாம், சூடேறும்போது திரவம் விரிவதற்கு இடம் வேண்டும். உள்ளே இருக்கும் அதே வகைக் கூலன்ற்றையே விடுங்கள். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, போத்தலில் எழுதியிருக்கும் வகையைப் பார்க்க வேண்டும். கலக்காமல் விற்கும் கூலன்ற் என்றால் காய்ச்சி வடித்த நீருடன் கலந்த பின்பே விட வேண்டும். பழைய வகையை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும், நீடித்து உழைக்கும் வகையை ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையும் முழுதாக மாற்றுவது வழக்கம். வாகனத்தின் கைநூல் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். இரவில் வாகனத்தின் கீழே ஒரு பழைய காட்போட் மட்டையை விரித்து விடுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்து விடும். ரப்பர் ஹோஸ்களை விரலால் அமத்திப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, ஊதிப் போயிருந்தாலோ மாற்ற வேண்டும். என்ஜின் ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் இருந்தால், அல்லது சூடேறிய பின்பும் வெள்ளைப் புகை இனிப்பு மணத்தோடு தொடர்ந்து வந்தால், கஸ்கற் பழுதாகியிருக்கலாம். அப்போது வாகனத்தை ஓட்டாமல் கராஜுக்குத்தான் காட்ட வேண்டும்.

அந்த அக்கா இவற்றையெல்லாம் காப்பை அடைவு வைத்த பிறகு கேட்டுக் கேட்டுப் படித்தவர். 2023 ஓகஸ்ற் மாதம் நானும் இன்னும் நாலு பெண்களும் அவருடைய வானில் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போனோம். மாங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் சூட்டுமானி முள் மேலே ஏறத் தொடங்கியது. அக்கா ஏசியை நிறுத்தி, ஒரு மர நிழலில் ஓரங்கட்டி, இயந்திரத்தையும் நிறுத்தினார். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பெடியள் உதவிக்கு இறங்கினார்கள். ஒருவர் துவாயைச் சுற்றி ரேடியேற்றர் மூடியில் கை வைத்தார்.

“தம்பி, கையை எடுங்கோ. இப்ப திறந்தால் கொதிதண்ணி முகத்துக்கு அடிக்கும்.”

“பயப்பிடாதேங்கோ அக்கா, எங்களுக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும் தம்பி. அரை மணித்தியாலம் பொறுங்கோ.”

மூடியைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும் வரை காத்திருந்தோம். ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. அக்கா அதைத் திருகாணி முறுக்கியால் இறுக்கினார். இயந்திரம் ஆறிய பிறகு போத்தல் தண்ணீரை மெதுவாக விட்டார். சூட்டோடு குளிர்ந்த நீரை விட்டால் உலோகம் வெடிக்கக் கூடும். அவசரத்துக்குத் தண்ணீர் போதும், ஆனால் வீடு போனதும் சரியான கலவையை மாற்றி விட வேண்டும் என்றார். ஒரு மணித்தியாலம் பிந்தி வவுனியா போய்ச் சேர்ந்தோம்.

வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பழைய கூலன்ற்றை முற்றத்திலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், மூடிய கலனில் கராஜுக்குக் கொடுங்கள். நாயும் கோழியும் அதை நக்கினாலும் ஆபத்து. பிள்ளை குடித்துவிட்டால், சுகமாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், நோய்க்குறிகள் பிந்தியும் வரலாம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தாலும் புதிய வாகனம் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. இருக்கும் பழைய வாகனத்தை நீண்ட காலம் ஓட வைப்பதே எங்கள் பிழைப்பு. உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு, யாராவது ஒருவருடைய வானைக் காலையிலேயே முற்றத்தில் கொண்டு வந்து நிறுத்துங்கள். இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு, ஓட்டத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து, அந்த இரண்டு கோடுகளையும் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.